பாப்பா பிசைந்த சோறு

சுங்காய்
14.2.1983

அன்புத் தம்பி சீனிக்கு,

அக்கா ஒருத்தி இருப்பது ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நடுகிறார்கள். பெரியவன் ராஜு தினமும் தொட்டுத் தொட்டு நடந்த மர நிரை போய்விட்டது. பேச்சில்லாவிட்டாலும் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது தூங்காமல் தலையைப் பலகையில் மோதுகிறான். தைப்பூசத்துக்கு வந்த உன் மகள் பாப்பா ஊட்டினால் மட்டும் சாப்பிட்டான். அவள் சின்னவன் ராமையாவைக் கட்டி வந்துவிட்டால், எனக்குப் பிறகு ராஜுவுக்கும் ஆள் உண்டு. அதுவரை ஈப்போவில் நல்ல டாக்டராகப் பார்.

அக்கா நல்லம்மாள்

ஈப்போ
20.3.1983

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜுவை இங்கே கூட்டி வந்து காட்டினோமே, டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை அன்று உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. இதற்குப் பெயர் ஆட்டிசமாம். பிறவியிலேயே உள்ளது, நீ வளர்த்த குற்றமில்லை. மரம் போன துக்கம் தனி நோயாகச் சேர்ந்திருக்கிறது, மருந்து கொஞ்சம்தான் கேட்கும் என்றார். வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். பேசாமல் ரப்பர் பால் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் சோற்றை வெறுத்துச் செத்த நம் ஐயாவு சித்தப்பாவைச் சொன்னேன். "ரத்தத்தில் வரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார்.

பாப்பாவை ராமையாவுக்குக் கொடுக்க அவள் அம்மா பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். கோபித்துக்கொள்ளாதே.

சீனி

சுங்காய்
2.4.1983

தம்பிக்கு,

என் குற்றமில்லை என்று படித்ததும் அழுதுவிட்டேன். இருபது வருடம் ஊர் என்னைத்தானே ஏசியது. கீழே படித்தபின் மறுபடி அழுதேன். அதே ரத்தம்தானே உனக்கும் ஓடுகிறது? பாப்பா அதை எங்கே கழற்றி வைத்துவிட்டுப் போவாள்?

கல்யாணம் வேண்டாமென்றால் வேண்டாம். மாதம் ஒருமுறையாவது அவளை அனுப்பு. ராஜு மிகவும் மெலிந்துவிட்டான்.

அக்கா

ஈப்போ
18.8.1983

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு லூமுட்டில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. ஆவணிக் கடைசியில் கல்யாணம். அத்தை முறைக்கு நீதான் முன்னால் நிற்க வேண்டும். ராஜுவை மட்டும் அழைத்து வராதே. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவனைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"ராஜு மச்சான் சாப்பிட்டுச்சாப்பா?" என்று பாப்பா தினமும் கேட்கிறாள். அவளை அங்கே அனுப்ப எனக்குத் தைரியமில்லை.

சீனி

சுங்காய்
27.8.1983

தம்பிக்கு,

அத்தை சீர்ப் புடவையைத் தபாலில் போட்டிருக்கிறேன். ராஜுவை விட்டுவிட்டு வர வழியில்லை. ஈப்போ பஸ் வரும் பக்கம் பார்த்தே உட்கார்ந்திருக்கிறான். அவள் வரமாட்டாள் என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? நான் ஊட்டினால் துப்பிவிடுகிறான்.

பிள்ளை நன்றாக இருக்கட்டும். லூமுட்டுக்குப் போவதற்கு முன் அவளிடம் ஒன்று கேட்டு எழுது. சோற்றை ரசத்தில் பிசைந்தாளா, மோரிலா? எவ்வளவு குழைவாக?

அக்கா