ஷூவுக்குள் மாத்திரைகள்

அக்கா,

உன் மேல்தான் எனக்கு முதல் கோபம். அப்பாவுக்குத் தெரியாமல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

டயாலிசிஸ் குழாயில் பூஞ்சை படிந்ததென்று அதை மாற்றி, அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்தா நீ போனில் உன் ஆய்வகப் பெருமையைப் பேச வேண்டும்? "கிராம்புச் சத்து பூஞ்சையோட வழவழப்புப் படலத்தைக் கலைச்சுடுதுப்பா. அப்புறம் மருந்து சுலபமா உள்ள போய்க் கொன்னுடுது" என்றாய். அப்பா காதில் கிராம்பு மட்டும் விழுந்தது. "ஆய்வகத் தட்டுலதான் செஞ்சு பாத்திருக்கோம், மனுஷங்களுக்கு இல்ல" என்று நீ சொல்வதற்குள், போனை என் கையில் திணித்துவிட்டு கிராம்பு டப்பாவைத் தேடப் போய்விட்டார்.

அன்றிலிருந்து கிராம்பை மென்றுகொண்டே இருக்கிறார். மாத்திரைகள் அவருடைய பழைய ஷூவுக்குள் கிடக்கின்றன.

"ரெண்டும் சேந்தாத்தானேப்பா வேலை செய்யும்?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"அக்காவே சொல்லிட்டா. உனக்கு என்னடி தெரியும், சுண்டெலி?" என்றார். உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலத்திலிருந்து குளிரில் நடுங்குகிறார். மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிறது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "காலைல சரியாயிடும்" என்கிறார். சற்று முன், "அம்மா இன்னும் வரலையா?" என்று கேட்டார். இரண்டு வருஷமாக இல்லாதவளை நான் எங்கிருந்து கூட்டிவருவேன்? கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

இந்த நேரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதும் என் புத்தியை என்ன சொல்ல? எதிர்வீட்டு நர்ஸ் அத்தையை எழுப்பப் போகிறேன். ஷூவையும் இந்தக் காகிதத்தையும் அத்தை கையில் கொடுத்து, இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்வேன். சத்தியம் என்ன ஆனாலும் ஆகட்டும்.

அத்தை போன் செய்தால் உடனே எடு.

உன் சுண்டெலி