விடியுமுன் உருகிய பனி

வீடு,
வெள்ளிக்கிழமை.

என் அருமை மருமகளுக்கு,

சூரியனைக் கூலிக்கு அமர்த்திய உன் மாமன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், பசுமைக்குடிலுக்குள் நாலாயிரம் நாற்றுகளும் நலம். (உன் அம்மா எண்ணினால் அறுநூறுதான் வரும். அவளுக்கு எப்போதும் சிறிய மனசு.) நீ எப்படி இருக்கிறாய்? உன் விமானங்கள் எப்படி இருக்கின்றன? திருகாணியை முடுக்கும்போது விரலைப் பார்த்துக்கொள். விமானத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும், உனக்குக் கிடைக்காது.

கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் வாயைத் திறந்து மூச்சிழுப்பதற்குள் போனைப் பிடுங்கி, எல்லாம் நல்லா இருக்கு, நீ சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிடுகிறாள். என்னைப் போன்ற மேதைக்கு அந்தப் போனில் இடமில்லை.

ஆகவே கேள். வெந்நீர்க் கருவி முடிந்தது. உன் அறையில் கழற்றிப் போட்ட இரண்டு பழைய ஜன்னல் கண்ணாடிகளை எடுத்து ஒரு மரப்பெட்டிக்கு மூடியாக்கினேன். உள்ளே செப்புக் குழாயை வளைத்து வளைத்து வைத்தேன். நிமிர்த்தினால் நிலாவுக்குப் போய்த் திரும்பும். டேப் வைத்தால் இருபத்திரண்டு மீட்டர் காட்டுகிறது; அந்த டேப்பை நான் எப்போதுமே நம்பியதில்லை. ஆலையிலிருந்து கொண்டுவந்த கறுப்புப் பெயிண்டைப் பெட்டி முழுக்க அடித்தேன். அந்த நெடியில் உன் அம்மா இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். எனக்கு ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் பெயிண்ட் ஆலையில் வேலை பார்த்தவனுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள ஒரு மேடை, அவ்வளவுதான்.

பெட்டியைக் குடிலின் கூரைமேல் ஏற்றினேன். ஏற்றியது நானும் பக்கத்துத் தெருக் குழாய்க்காரரும். அவர் மனிதர் அல்ல, மௌனம். ஒரு நாளைக்கு ஏழு வார்த்தைதான் செலவழிப்பார். கீழே, குடிலுக்குள் ஒரு பெரிய டிரம்; அதற்குப் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், பிரசவித்த பெண்ணைப் போல இருக்கிறது. பகலில் ஒரு குட்டி பம்ப் டிரம்மின் தண்ணீரைக் கூரைக்கு அனுப்பும். அது வெயிலில் காய்ந்து இறங்கும். இரவில் டிரம்மின் சூடு நாற்று வளரும் குழித்தட்டுகளுக்கு அடியில் ஓடும் குழாய்களில் பரவி, உன் அம்மாவின் மிளகாய் நாற்றுகளைத் தாலாட்டும்.

நீ ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. குடிலில் இருக்கும் விறகுக் கணப்பை அம்மா இனிமேல் தொடக்கூடாது, புகையைப் பற்றி டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும் என்றாய். நினைவிருக்கிறது. கணப்பின் கதவை இரும்புக் கம்பியால் ஐந்து சுற்றுச் சுற்றி முறுக்கி, அதற்கு ஆயுள் தண்டனை விதித்துவிட்டேன்.

இப்போது அதிசயத்தைச் சொல்கிறேன். நேற்றுக் காலை ஏழு மணிக்கு வெளியே மைனஸ் இரண்டு டிகிரி. குடிலுக்குள் பதினான்கு. பதினான்கு, மருமகளே. இது முதல் அதிசயம். வெளியே வந்து பார்த்தேன். தெருவில் எல்லாக் கூரைகளும் உறைபனியில் வெள்ளை வெளேர் என்று கிடக்கின்றன. என் கண்ணாடிப் பெட்டி மட்டும் பனியெல்லாம் உருகி, ஈரமாக மின்னுகிறது. சூரியன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அவன் வருவதற்கு முன்பே என் கருவி அவன் வேலையைத் தொடங்கிவிட்டது. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினேன். பால் போடுகிறவர் மூன்று முறை பார்க்க வேண்டியதாயிற்று.

ஆலையை மூடிய பிறகு நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனே, அதைச் சோம்பல் என்று நினைத்திருப்பாய். அது தவம். வரம் கிடைத்துவிட்டது.

உன் அம்மா கொஞ்சம் இருமுகிறாள். பெயிண்ட் நெடி இன்னும் போகவில்லையாம். போய்விடும்.

வானளாவிய ஆசிகளுடன்,
வெப்பத்தின் அதிபதி, பனியின் எதிரி,
உன் மாமன்.


வீடு,
புதன்கிழமை.

மருமகளுக்கு ஆசி.

உன் கடிதம் வந்தது. பாராட்டு இரண்டு வரி, கேள்வி இரண்டு பக்கம். விமானம் பழுது பார்க்கப் போனவள் நீதிபதியாகத் திரும்பி வருவாய் போலிருக்கிறது.

நீ கேட்டது: கூரைக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு வைத்தீர்களா, மாமா? இல்லை. அதெல்லாம் பயந்தவர்கள் வைப்பது. தண்ணீருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று என் கருவி சொல்லிக் கொடுத்திருக்கிறது. தினமும் காலையில் பதினான்கு டிகிரி. கருவி ஓடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? குழாய்க்காரரும் இதையே முணுமுணுத்தார். சனிக்கிழமை காலை வந்து பார்க்கிறாராம். வரட்டும், பார்க்கட்டும், வாயடைத்துப் போகட்டும். ஏழு வார்த்தையும் மிச்சம்.

இன்னொன்று கேட்டாய்: போனில் அம்மா குரல் ஏன் கட்டியிருக்கிறது? உன் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எழுது என்கிறாள். எழுதுகிறேன்: எல்லாரும் சௌக்கியம். குளிருக்குக் குரல் கட்டும். கவலைப்படாதே. படிப்பைக் கவனி. பயிற்சி முடிய இன்னும் நாலே மாதம். நடுவில் ஒரு வாரம் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து என்று நீயே சொல்லியிருக்கிறாய். இவை அவள் வாசகங்கள். என் நடை இவ்வளவு வறட்சியாக இருக்காது என்று உனக்குத் தெரியும்.

இப்போது உள்ளே போய்விட்டாள். ஆகவே என் பங்குக்கு ஒன்று. கொட்டகையில் விறகு குறைகிறது. யாரும் எரிப்பதில்லை, ஆனால் குறைகிறது. இந்த ஊர் எலிகள் கட்டையைத் தின்னப் பழகிவிட்டன என்று முடிவு செய்திருக்கிறேன். ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு இருக்க வேண்டும். பொறி வைக்கப் போகிறேன்.

உன் மாமன்.


மருத்துவமனை, இரண்டாம் மாடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகளுக்கு,

மேலே எழுதிய முகவரியைப் பார்த்துப் பதறாதே. முதலில் இதைப் படித்துக்கொள்: உன் அம்மா இன்று காலை எழுந்து உட்கார்ந்தாள், அரை டம்ளர் பால் குடித்தாள், பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் என்னைப் பற்றிக் குறை சொன்னாள். மூக்கில் பிராணவாயுக் குழாய் இருக்கிறது. பகலில் அவ்வப்போது எடுத்துவிடுகிறார்கள். இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றையும் பெரிதாக்கவில்லை. பெரிதாக்க ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை குழாய்க்காரர் சொன்னபடி விடியும்போதே வந்தார். கூரைகள் எல்லாம் வெள்ளை. என் பெட்டி மட்டும் ஈரம். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஏணியில் ஏறி, கூரைக்கு வரும் குழாயைத் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்து, "சூரியன் இன்னும் வரலையே. அப்ப இது யாரோட சூடு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். மாலையில் பம்ப் நின்றதும், கீழே டிரம்மில் இருக்கும் சூடான தண்ணீர் தானாகவே மேலே ஏறுமாம். கூரையில் குளிரில் ஆறி, கனத்து, மறுபக்கமாக இறங்குமாம். மறுபடி சூடானது ஏறும். இரவெல்லாம் இப்படியே. பகலில் நான் சேர்த்ததை எல்லாம் இரவில் என் கருவியே கூரைக்குக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. பனி உருகியது அதனால்தான். ஒரு வால்வு இருந்தால் தடுத்திருக்கும். நீ கேட்ட வால்வு.

உள்ளே போய் டிரம்மில் கை விட்டோம். கிணற்றுத் தண்ணீராட்டம் சில்லென்று இருந்தது. இந்த டிரம்மை நம்பினால் குடிலில் மூன்று டிகிரிகூட நிற்காது என்றார். வெப்பமானியைப் பார்த்தோம். பதினான்கு.

அவர் என்னைப் பார்த்தார். நான் கணப்பின் பக்கம் போனேன். கம்பி அப்படியே இருந்தது, ஐந்து சுற்று, கடைசியில் நான் விடும் அதே கொக்கி முறுக்கு. இரும்பின்மேல் கை வைத்தேன். சுட்டது.

உன் அம்மா தினமும் அதிகாலையில் எழுந்து, கம்பியைப் பிரித்து, விறகைப் போட்டு, நாற்றுகள் விறைக்காத அளவுக்கு எரித்து, தணலை அள்ளி வெளியே கொட்டி, நான் முறுக்கியது போலவே கம்பியைத் திரும்ப முறுக்கி வைத்திருக்கிறாள். வீட்டில் வேறு யாராக இருந்தாலும் புகையை மோப்பம் பிடித்திருப்பார்கள். இருப்பதோ நான். அந்தக் கணப்பின் புகைக்குழாய் இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருப்பது உனக்கும் தெரியும்.

அடுப்படிக்குப் போனேன். முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விசிலடித்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. அவள் என்னை உட்காரச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னாள்:

"முதல் நாள் நான்தான்டா முன்னாடி போய்ப் பாத்தேன். ரெண்டு டிகிரி. நீ எழுந்து வந்து அதைப் பாத்தா திரும்பவும் போய்ச் சுவரைப் பாத்துப் படுத்துடுவேன்னு பயந்துட்டேன். நாத்து போனா அடுத்த வருஷம் போட்டுக்கலாம்."

மருமகளே, நான் தினமும் ஏழு மணிக்குக் குடிலுக்குள் போய், பதினான்கு என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூவியிருக்கிறேன். மறுநாள் பதினைந்து ஆக்கிக் காட்டுகிறேன் பார் என்று அவளிடமே சவால் விட்டிருக்கிறேன். மறுநாள் பதினைந்து இருந்தது. அதற்கு எத்தனை கட்டை கூடுதலாகப் போட்டாளோ, நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அவளால் மூச்சைப் பிடிக்கவே முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. குழாய்க்காரர் தன் வேனில் இருந்த குழாய்களை எல்லாம் தெருவில் இறக்கிப் போட்டுவிட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், பாவம். அவரிடம் அவ்வளவு வார்த்தை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் சிறிய பெண், உன் வயதுதான் இருக்கும். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நுரையீரலில் நல்லதாக இருப்பது பாதிக்கும் குறைவு என்றாள். இப்போது தேறிவிடலாம், இன்னொரு முறை புகை பட்டால் உறுதி சொல்ல முடியாது என்றாள். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் இருக்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டாள். எனக்கு அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழாய்க்காரர் வால்வைப் போட்டுவிட்டார். கூரைப் பெட்டித் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமலிருக்க, கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கரைசலையும் கலந்திருக்கிறார். கணப்பைக் கழற்றி அவர் வேனிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன். நேற்றுக் காலை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். என் பெட்டிமேலும் எல்லாக் கூரையிலும் போலப் பனி வெள்ளையாக இருந்தது. உள்ளே ஒன்பது டிகிரி. இன்றும் ஒன்பது. மிளகாய் நாற்று பாதிக்குமேல் துவண்டுவிட்டது. தக்காளி நிற்கிறது. அவளிடம் மிளகாயைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டாள், தழைத்து நிற்கிறது என்றேன். புளுகும்போது வாழ்க்கையில் முதல் முறையாக நாக்கு குழறியது.

உனக்கு எழுதக்கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருக்கிறாள். நாலு மாதம், அதற்குள் நான் தேறிவிடுவேன், மகள் பாதியில் விட்டு வந்தால் என் நெஞ்சு ஆறாது என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீ வந்தால் அவள் உன்னைத் திட்டுவாள். என்னை இரண்டு பங்கு திட்டுவாள். ஆனால் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று உனக்கு எழுத இந்தக் கை வரமாட்டேன் என்கிறது. அதைத்தான் இரண்டு கடிதமாக எழுதிக்கொண்டிருந்தேன். வா என்று எழுத எனக்கு அனுமதியில்லை. வராதே என்று எழுத எனக்கு மனமில்லை. இதற்குமேல் நீயே யோசித்துக்கொள்.

இதை அவள் கட்டிலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, யாருக்கு எழுதுறே என்றாள். மின்சார அலுவலகத்துக்கு ஒரு புகார் என்றேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, அங்கெல்லாம் குளிர் ஜாஸ்தியாம், மின்சார ஆபீஸ்காரங்களை ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லு என்றாள்.

போட்டுக்கொள், கண்ணே. நீ எங்கே இருந்தாலும் மூச்சு முட்டாமல், நெஞ்சு நிறைய நல்ல காற்றோடு நெடுங்காலம் இருக்க வேண்டும்.

மாமா.