நார்மல்னு சொல்லிட்டாங்க

மார்ச் 4
தலைக்கு மேல் வேலை. நான்கு மாவட்டங்களில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவரும் ஐந்தாண்டுத் திட்டத்தை நான்தான் எழுத வேண்டுமாம். உப்பு, புகை, நடைபாதை எல்லாம் சேர்த்துவிட்டேன். இயக்குநர் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை சதவீதம்? அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'சதவீதம்'தான்.

மார்ச் 10
அண்ணன் வீட்டுக்குப் போனேன். சும்மா இருக்க முடியாமல் பிரஷர் பார்த்தேன். நூற்றெண்பது!

"உன்னப் பாத்ததும் ஏறியிருக்கும்" என்று சிரிக்கிறார்.

மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்காகிறதாம். "நர்ஸம்மாவே நார்மல்னு சொல்லிட்டாங்க. நார்மலா இருக்கறவன் எதுக்கு மாத்திரை முழுங்கணும்?"

கத்திவிட்டேன். மாத்திரை போட்டதால்தானே நார்மல்? பஸ் ஓட்டுகிற மனுஷன்! "நீ சொன்னாலாவது கேப்பார்னு பாத்தேன்" என்றார் அண்ணி. எங்கே கேட்டார்? "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 11
நர்ஸைச் சொல்லி என்ன? நல்ல சேதி என்று சந்தோஷமாகத்தான் சொல்லியிருப்பார். என் திட்டத்திலும் அதே சொல்தான் - 'நார்மல் ஆனவர்கள்: அறுபது சதவீதம்'. அதில் எத்தனை அண்ணன்கள்?

வேறு மாதிரி சொல்லப் பழக்க வேண்டும், மாத்திரை வாங்க வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டேன். "ஒரு வார்த்தைக்காகத் திட்டத்தையே தள்ளிப் போடச் சொல்றீங்களா?"

மார்ச் 19
அண்ணன் ஆஸ்பத்திரியில். டிப்போவில் வண்டியை விட்டு இறங்கியதும் விழுந்திருக்கிறார். பக்கவாதமாம். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு குழறுகிறது. அண்ணி என் கையை விடவே இல்லை. என்ன செய்யறதுன்னே தெரியல.

ஏப்ரல் 2
திட்டக் கூட்டம். புள்ளிவிவரம் எதையும் காட்டவில்லை. மாத்திரையைப் பற்றி அண்ணன் சொன்னதையும் அவர் விழுந்ததையும் அப்படியே சொன்னேன். அழுகை வந்துவிட்டது. வரட்டும்.

சதவீதம் முன்னாலிருந்த ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "எழுதிக் குடுங்கம்மா, சேத்துடலாம். ஒரு மாசம் தள்ளிப் போனா போகுது" என்றார். பாவம், அவரையும் எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

ஜூன் 23
திட்டத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. இனி யாரிடமும் 'நார்மல்' என்று மட்டும் சொல்லக் கூடாது. 'மாத்திரை வேலை செய்யுது, விட்டுடாதீங்க' என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணனிடம் சொன்னேன். "அடுத்தவனுக்காவது புரியும்" என்றார். பேச்சு முக்கால்வாசி தெளிந்துவிட்டது.

இன்று பரிசோதனைக்குப் பஸ்ஸில்தான் வருவேன் என்று ஒரே பிடிவாதம். கைத்தடியோடு ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும், சரியாக வராத அந்த வலது காலால் தரையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.