போனில் கூப்பிட முடியாத பேர்

அம்மணிக்கு அம்மா எழுதுவது.

இதைப் போனில் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி காப்பகத்தில் இருந்து நாயைக் கூட்டிவந்தேன். பெட்டை. டைசி என்று பேர் வைத்திருக்கிறார்கள். எட்டு நாளும் கட்டிலடியை விட்டு வரவில்லை. தொண்டை வறளக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்றுக் காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே பழக்கத்தில், "ஏனுங்க, காப்பி" என்று சொல்லிப்போட்டேன். உங்கப்பா தவறி மூன்று மாசம்தானே ஆகிறது. திரும்பினால், அது வந்து அவர் நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

சந்தோசத்தில் காப்பகத்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அதுக்கு ரெண்டு காதும் சுத்தமா கேக்காதுங்கம்மா. அன்னைக்கே சொன்னமேங்க" என்றார். அன்றைக்கு இருந்த இருப்பில் எனக்குத்தான் அது மனசில் ஏறவில்லை.

அதன் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். அசையவில்லை. மெதுவாக, "ஏனுங்க" என்றேன். இடது காதைச் சாய்த்துத் திரும்பியது. மண்டி லாரிச் சத்தத்தில் வலது காது போன உங்கப்பா திரும்புவாரே, அதே மாதிரி.

நாய் பழகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து திருப்பி விட்டுவிடலாம் என்றாய். வேண்டாம் கண்ணு. சும்மா சாப்பிட வாங்க. ஒன்றே ஒன்று, இந்த வீட்டுக்குள் மாப்பிள்ளையை 'ஏனுங்க' என்று கூப்பிடாதே. பேர் சொல்லியே கூப்பிடு, நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த வார்த்தைக்கு அது உன்னிடம் வந்துவிட்டால் எனக்குத் தாங்காது.

இரண்டு டம்ளரிலும் காப்பி ஆறுகிறது. போய்க் கூப்பிட வேண்டும்.

உன் அம்மா