இது என் பெட்டி இல்லை

29 ஜனவரி 2007, திங்கள்

காதலர் தின ஆர்டர்கள் தொடங்கிவிட்டன. எங்கள் ரோஜாப் பண்ணையிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் தினமும் பெட்டி போகிறது. பெட்டிகளுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்திடுவது என் வேலை. கோவில்பட்டியிலிருந்து ஓசூர் வந்து மூன்று வருடம். இந்தக் குளிர் இன்னும் பழகவில்லை.

பேக்கிங் கூடம் முனிலட்சுமியக்காவின் பொறுப்பு. பாகலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, பேக்கிங் பெண்களை அதட்டக் கன்னடம், என்னிடம் தமிழ். இன்று ஒரு ரோஜாக் கட்டைக் கையில் வாங்கியதுமே, "ஒரு பூ கம்மி சார்" என்றார். எண்ணினேன். இருபது இருக்க வேண்டியதில் பத்தொன்பது.

3 பிப்ரவரி, சனி

கோலாலம்பூர் கம்பெனியின் ஆள் என்று நவீன்குமார் பெங்களூரிலிருந்து வந்துபோகிறான். குளிர் அறைக்குள் அவன் இஷ்டத்துக்குப் போகலாம், யாரும் கேட்கக் கூடாதென்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் லாரி டிரைவர் கங்கப்பனோடுதான் அவனுக்குச் சிநேகம்.

கங்கப்பன் அக்காவின் தம்பி. தாய் தகப்பன் போனபின் அவனை வளர்த்ததும், லைசென்ஸ் எடுக்க வைத்ததும், இந்த வேலையில் சேர்த்ததும் அக்காதான்.

8 பிப்ரவரி, வியாழன்

இன்று நடந்ததை எழுதித் தீர்த்தால்தான் சரிப்படும்.

மதியம் மூன்று மணி. லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு பெட்டிக்குக் கைகொடுத்துத் தூக்கினார். உடனே கீழே வைத்தார்.

"இது என் பெட்டி இல்ல."

கங்கப்பன் சிரித்தான். "உன் பெட்டிதான்க்கா. நேரமாச்சு, ஏத்து."

அக்கா இடுப்பிலிருந்த கத்திரியை எடுத்து நாடாவை வெட்டினார். மேலே ஒரு வரிசை ரோஜா. அதன் கீழே காலுறைகள், ஒவ்வொன்றும் முடிச்சுப் போட்டு. ஒன்றை அவிழ்த்தார். உள்ளங்கை அளவு ஆமை. ஓட்டில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடு. விற்கவும் கடத்தவும் தடையுள்ள நட்சத்திர ஆமை. கால்களை மடக்கி டேப் சுற்றியிருந்தது. எங்கள் டேப்தான்.

அந்த மாதிரி இன்னும் ஐந்து பெட்டி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நவீன்குமாரும் கங்கப்பனும் குளிர் அறையில் மாற்றி வைத்தவை.

கங்கப்பன் அழுகிற குரலில், "மூடுக்கா. ஆமை தானே? யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான்.

"இதுக்கு முன்னாடி எத்தினி வாட்டி போச்சு?"

"ரெண்டு வாட்டி."

ரெண்டு வாட்டி! ரெண்டு பட்டியலிலும் என் கையெழுத்து. தொலைஞ்சேன்னு நெனச்சேன். விமானம் ஏறி அடுத்த நாட்டுக்கே போயிருச்சே, ஜெயில்ல போட்டா வீட்டுக்கு என்னன்னு சொல்லுவேன்?

முதலாளி ஓடிவந்தார். நவீன்குமார் அதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "இந்த ஆறை மட்டும் இறக்கிட்டு மீதிய அனுப்புங்க. ஆமைய ஏரியில விட்டுட்டா முடிஞ்சுது. கண்ணா, நீ புது லிஸ்ட் போடு."

நான் போனேன். உட்கார்ந்து அந்த ஆறு பெட்டி இல்லாத புது லிஸ்ட் அடித்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் — அடித்தேன். அச்சும் எடுத்தேன்.

ஜன்னல் வழியே பார்த்தால், அக்கா லாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆமையாக டேப்பை நறுக்கிக்கொண்டிருந்தார். முள் சீவுகிற அதே கத்திரி. ஓட்டில் ஒரு கீறல் விழவில்லை. வாய் மட்டும் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தது. "ஃபாரஸ்ட் ஆபீசுக்கு நீயே போன் பண்ணு. நான் பண்ணா நீ திருடன்டா. நீயே பண்ணினா..." முடிக்கவில்லை. அவன் அசையவில்லை.

முதலாளி, "போன் பண்ணினா உள்ள போறது உன் தம்பிதாம்மா" என்றார்.

"தெரியுங்க."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து என் அறைக்கு வந்தார். "சார், நம்பர் வேணும்." மேசையில் புது லிஸ்ட் கிடந்தது. பார்த்தார். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனை முன்னால் இழுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நம்பரைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே பேசினார். பெட்டி எத்தனை, வண்டி நம்பர் என்ன, கடைசியாக, "வண்டி ஓட்டறவன் கங்கப்பன். என் தம்பி."

9 பிப்ரவரி, வெள்ளி

வனத்துறைக்காரர்கள் எண்ணியதில் நூற்று எழுபத்திரண்டு ஆமைகள். கங்கப்பனை நேற்றே கைது செய்து கூட்டிப் போய்விட்டார்கள். அனுப்பாத ரோஜாவெல்லாம் கூடத்திலேயே விரிந்துவிட்டன.

12 பிப்ரவரி, திங்கள்

வனத்துறை அலுவலகத்தில் வாக்குமூலம். அக்கா எனக்காகச் சொன்னார்: "சார் கையெழுத்துதான் போட்டாரு. உள்ள என்னான்னு அவருக்குத் தெரியாதுங்க." புது லிஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் தப்பித்துவிட்டேன்.

ரேஞ்சர் காகிதத்தை மடித்தபோது நானாகவே சொல்லிவிட்டேன். இப்படி ஒரு லிஸ்ட் அடித்தேன், இதோ இருக்கிறது, முன்னால் போன இரண்டின் நகலும் இதோ என்று. எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? என்னுடையதாக இருக்க முடியாது. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார், அதுதான்.

26 பிப்ரவரி, திங்கள்

கங்கப்பன் கொடுத்த அடையாளத்தை வைத்து நவீன்குமாரைப் பெங்களூரில் பிடித்துவிட்டார்கள். முதலாளியையும் விசாரிக்கிறார்கள். எனக்கும் அக்காவுக்கும் வேலை போயிற்று.

18 மார்ச், ஞாயிறு

அக்கா ஓசூர் பூ மார்க்கெட்டில் சாமந்தி கட்டுகிறார். பார்க்கப் போனேன். கூடப்பிறந்தவனைப் பிடித்துக் கொடுத்தவள் என்று சொந்தத்தில் யாரும் பேசுவதில்லையாம். ஒரு கல்யாணத்துக்கும் பத்திரிகை வரவில்லை. ஜாமீனில் வந்த கங்கப்பன் சூளகிரியில் யார் வீட்டிலோ இருக்கிறான். அக்கா இரண்டு முறை போயும் கதவைத் திறக்கவில்லை.

"வருத்தமா இல்லையாக்கா?"

கை நிற்கவில்லை, கட்டிக்கொண்டே பேசினார். "இல்லாம இருக்குமா சார்? அவன் சின்னதுல காய்ச்சல் வந்தா என் மடியிலதான் கெடப்பான். ஆனா இன்னிக்கு ஆமை. அது பழகிப்போச்சுன்னா நாளைக்குப் பொட்டப் புள்ளைங்கள ஏத்தச் சொல்லுவானுங்க. அன்னிக்கு இவன் வண்டிய நிறுத்துவானா? நிறுத்த மாட்டான் சார். அதான், நான் இப்பவே நிறுத்திட்டேன்."

பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் படித்தவன். எனக்கு இப்படி யோசிக்கத் தெரிந்ததா?

2 ஜூலை, திங்கள்

போச்சம்பள்ளியில் வேலை கிடைத்தது. காகிதத்தில் உள்ளதைப் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். மேனேஜர் ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

11 அக்டோபர், வியாழன்

ஓசூர் கோர்ட்டில் சாட்சி. அக்காவை முதலில் கூப்பிட்டார்கள். கூண்டில் நிற்கும் எதிரியைத் தெரியுமா என்றதற்கு, "என் தம்பிங்க" என்றார். எட்டு மாதம் பேசாத தம்பி எதிரே நின்றான். அவனைப் பார்த்துக்கொண்டே, கூட்டாமல் குறைக்காமல் எல்லாம் சொன்னார்.

நவீன்குமாரின் வக்கீல் எழுந்து, சம்பளத் தகராறில் முதலாளியைப் பழிவாங்கப் புனைந்த கதை இது என்றார். அக்கா பதில் சொல்லுமுன் கங்கப்பனின் குரல் கேட்டது. "இல்லீங்க ஐயா. எங்கக்கா சொன்னதெல்லாம் நெசம்தானுங்க." அவனுடைய வக்கீலே சட்டையைப் பிடித்து இழுத்தும் கங்கப்பன் நிறுத்தவில்லை. தண்டனை தனக்கும் உண்டென்று தெரிந்துதான் சொன்னான்.

மதியம் வெளியே வேப்பமரத்தடியில் அக்காவும் நானும் நின்றோம். கங்கப்பன் படியிறங்கி வந்தான். எங்களைத் தாண்டிப் போனான். நான்கு அடி போய் நின்றான். முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"சாப்ட்டியாக்கா?"

அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். அவனுக்கு அது தெரிந்திருக்காது. ஆனாலும் நின்றுகொண்டிருந்தான்.