வேறு பேணி

மிட்சம், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் தக்ஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். விம்பிள்டன் பிள்ளையார் துணையில் நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல முறைப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறது. பேர்த்தில் நீயும் மருமகனும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வெள்ளிதோறும் கும்பிடுகிறேன். போன மாசியில் நீ தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? "அம்மா, பக்கத்து வீட்டிலை மேலாக்கள் இருக்கினமாம், உங்களுக்குப் பயமில்லையோ?" என்று கேட்டாய். நான் யோசிக்காமலே இல்லை என்றேன். கேள்வியை முழுதாக வாங்காமல் கையை உயர்த்தும் பிள்ளைகளை எத்தனை தரம் இருத்தியிருப்பேன், அன்றைக்கு நானே அப்படிச் செய்துவிட்டேன். இப்போது உன் மாடிக் கட்டிடத்துக்கும் ஒரு மேலாக்கள் குடும்பம் வந்திருப்பதாகவும், அவர்களை அங்கிருந்து எடுக்கச் சொல்லி எல்லோரும் கையெழுத்து வைப்பதாகவும், மாத முடிவில் அந்தத் தாள் உன் கதவுக்கும் வரும் என்றும் எழுதியிருக்கிறாய். வைப்பதா விடுவதா என்று கேட்கிறாய். இந்த முறை யோசித்து விடை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

பக்கத்து வீட்டு நேவூவைப் பற்றி நான் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. அவர்களின் உலகம் எரிந்து, கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கி நாலு வருடம் ஆகிறதல்லவா, அவளும் மகளும் கடைசிக் கப்பலில் வந்தவர்கள். ஐப்பசியில் கவுன்சில் அவர்களை எங்கள் பக்கத்து வீட்டில் கொண்டுவந்து இருத்தியது. வானத்துக்கு மேலிருந்து வந்தவர்கள் என்பதால் எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் மேலாக்கள். தொலைக்காட்சியில் இறுக்கமான உடுப்புப் போட்டுக்கொண்டு பறந்து போய் எரிகிற கட்டிடத்துக்குள் ஆட்களைத் தூக்குகிறவர்கள் அவர்களில் பத்துப் பதினைந்து பேர்தான். மற்றவர்கள் நேவூவைப் போலத்தான், விசா முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதி இல்லாமல், தபால்காரனின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறவர்கள். அந்தக் காத்திருப்பு எங்களுக்குத் தெரியாததா? நீ பிறக்க முன்னம் நானும் அப்பாவும் ஒரே அறையில் மூன்று வருடம் அப்படி இருந்தோம். உன் அண்ணன் கிருஷாந் கிழக்கு லண்டனிலிருந்து வந்தால் சும்மா இருப்பானா, "எல்லாருக்கும் பறக்கிற ஆள் வாய்க்குது, எங்கடை அம்மாவுக்கு வாய்ச்சது குப்பைவாளி தூக்கிற ஆள்" என்று பகிடி பண்ணுவான். உண்மையில் எங்கள் தெருவின் குப்பைவாளிகள் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாசலுக்குக் கொண்டுவருகிறவள் அவள்தான். மழைநாளில் ஒருவனின் வான் வண்டி வடிகாலுக்குள் சில்லு இறங்கி நின்றபோது, பக்கத்தில் நின்று ஒரு கையால் தூக்கி வெளியே வைத்துவிட்டு, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று உள்ளே ஓடிவிட்டாள்.

தையில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததையும் உனக்கு மறைத்தேன், நீ அங்கிருந்து கவலைப்படுவாய் என்றுதான், கோபிக்காதே. எனக்குத் தூக்க ஏலவில்லை, அம்புலன்ஸ் வர இரண்டு மணித்தியாலம் என்றார்கள். நான் போய் நேவூவின் கதவைத் தட்டினேன். பிறந்த பிள்ளையைக் கழுத்துக்குக் கை கொடுத்து எடுப்பார்களே, அப்படி எடுத்துக் கட்டிலில் கிடத்தினாள். அப்பாவின் உடம்பில் அவள் விரல் பட்ட இடத்தில் ஒரு சிவப்புக்கூட இல்லை. அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வந்து போவாள், குசினியில் இருந்து தேத்தண்ணி குடிப்பாள், என்னை அன்ரி என்று கூப்பிடப் பழகினாள்.

பங்குனியில் அவளுக்கு விசாரணைக்குத் திகதி வந்தது. அவளும் மகளும் இந்தத் தெருவிலேயே இருக்கலாமா, அல்லது வடக்கே வேலி அடைத்துக் கட்டியிருக்கும் குடியிருப்புக்குப் போக வேண்டுமா என்று தீர்மானிக்கிற விசாரணை. பக்கத்து வீட்டார் ஒருவர் கடிதம் எழுதி, நேரிலும் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். என்னைக் கேட்டாள். நான் அன்றைக்கே மேசையில் இருந்து இரண்டு பக்கம் எழுதினேன். நாங்களும் அகதியாக வந்தவர்கள், எங்களுக்கு இவர்களிடம் எள்ளளவும் பயமில்லை, எங்கள் வீட்டில் ஒருத்தியாகவே நடத்துகிறோம் என்றெல்லாம் எழுதி, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாம் வடிவாத்தான் எழுதியிருக்கிறீர், அப்ப அந்தச் சில்வர் பேணி என்னத்துக்கு?" என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற ரோசாப்பூக் கோப்பையில்தான் தேத்தண்ணி கொடுப்பேன் என்று உனக்குத் தெரியும், நான் ஓய்வுபெற்றபோது சனிக்கிழமைப் பள்ளிப் பெற்றோர் தந்தவை. நேவூவுக்கு மட்டும் விழுந்தாலும் உடையாத ஒரு சில்வர் பேணி. கழுவினாலும் வேறாகக் கவிழ்த்து வைப்பேன். கோப்பையை நொறுக்கிவிட்டால் அவளுக்குத்தானே வெட்கம், அவளின் நன்மைக்குத்தான் என்றேன். அப்பா விடவில்லை. "என்னைத் தூக்க அவளின்ரை கையிலை குடுத்தனீர், ஒரு கோப்பையைக் குடுக்கப் பயமோ? அப்ப நான் உந்தக் கோப்பையை விட மலிவோ?" என்றார்.

பிள்ளை, எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் யார் யாருக்கு வேறு பேணி வைத்தோம், எதற்காக வைத்தோம் என்பது உனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அது பாவம் என்று வகுப்பில் எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்கும் அதற்கு நல்ல நல்ல நியாயங்கள் இருந்தன, எல்லாம் மற்றவரின் நன்மைக்குத்தான். எழுதின கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவளைக் கூப்பிட்டு ரோசாப்பூக் கோப்பையில் ஊற்றி முன்னால் வைத்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். "அன்ரி, இது உடையும்" என்றாள். ஓம் பிள்ளை, எல்லாக் கோப்பையும் உடையும், ஆற முதல் குடி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, துடைக்கிற துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு விரலால் கோப்பையின் காதைப் பிடித்து எடுத்தாள், ஒரு சொட்டுத் தளும்பவில்லை. இங்கே வந்து நாலு வருடத்தில் உடையக்கூடிய எதையும் தன் கையில் ஒருவரும் தரவில்லை என்றாள். தங்கள் உலகத்தில் பிள்ளைகளுக்கு முதல் பாடம், உள்ளங்கையில் ஒரு பூச்சியை மூடி வைத்துக்கொண்டு நித்திரை கொள்வதாம். விடிய அது பறந்து போனால்தான் அடுத்த பாடமாம். தன் மகள் மூன்று வயதிலேயே தேறிவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னாள். எங்கள் பாடத்திட்டத்தில் அப்படி ஒன்று இல்லையே என்று எனக்குப் பொறாமை வந்தது. அந்த நேரம் பார்த்து டக்கென்று ஒரு சத்தம். சீனி எடுக்கக் கை நீட்டின அப்பா தன் கோப்பையின் சோசரைத் தட்டி விழுத்தி இரண்டாக்கிவிட்டார். "பாத்தீரோ, இந்த வீட்டிலை ஆபத்தான ஆள் ஆரெண்டு" என்று அவரே சொல்ல, நேவூ சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன், குழாயில் முதல் தண்ணீர் வருவதுபோல ஒரு சத்தம்.

அப்பாவைத் தூக்கின கதையை மட்டும் வைத்து வேறு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சித்திரையில் விசாரணை. இவர்களிடம் பயமா என்று நீதிபதி கேட்டார். பயந்தேன், இரண்டு மாதம் வேறு பேணி வைத்திருந்தேன் என்று சொன்னேன். நேவூவின் வக்கீல் தலையில் கை வைக்காத குறை. அரசாங்க வக்கீல் அவசரமாக எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு அந்தப் பயம் எப்போது போனது என்று நீதிபதி கேட்டார். கோப்பையைக் கொடுத்த பிறகுதான் போனது, போகட்டும் என்று காத்திருந்திருந்தால் இன்றைக்கும் பேணிதான் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டு, முடிவு தபாலில் வரும் என்றார். ஆறு கிழமை அவளும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. போன செவ்வாய்க்கிழமை உறையைத் திறக்காமலே கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள், நான்தான் கிழித்து வாசித்தேன். இரண்டரை வருடம் இங்கேயே இருக்கலாம், வேலையும் செய்யலாம். பிறகு திரும்பவும் விசாரணைதான், எங்களுக்கும் அப்படித்தானே துண்டு துண்டாகத் தந்தார்கள். மகளின் பள்ளிக்கூடம் மாறத் தேவையில்லை, அது போதும். முதியோர் இல்லம் ஒன்றில் ஆட்களைத் தூக்கிக் கிடத்தும் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அப்பாதான் நற்சான்று.

உன்னிடம் பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன். நான் பயந்தவள்தானே, உனக்குக் கைக்குழந்தையும் இருக்கிறது. கையெழுத்தை வை, வைக்காதே என்றும் சொல்லமாட்டேன், நீ வளர்ந்தவள். சின்னவளுக்குக் குளிர்காலம் தொடங்கிவிட்டது, காதை மூடிக் கட்டு, மருமகனுக்கு இரவு ஷிப்ட் என்றால் சாப்பாட்டைக் கட்டிக்கொடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லவர்களாக, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். அந்தத் தாள் உன் கதவுக்கு வருவதற்கு முன்னம், அந்த வீட்டாரைக் கூப்பிட்டு, உன்னிடம் இருக்கிற கோப்பைகளில் நல்லதை எடுத்து அதில் தேத்தண்ணி கொடு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா செல்வமலர்