பாதுகாப்பு அறையில் மூன்று வாசகர்கள்

நாள் 212, 14:10
இன்று அவர்களிடம் நான் சொல்லாதது: அசையாமல் படுத்திருந்தால்தான் மீட்பு வண்டி போய்ச் சேரும்வரை காற்று போதும்.

நிலாத் தளப் பள்ளியிலிருந்து கள ஆய்வுக்குப் போன ஜெனிட்டா, மகிழ்நன், டார்வின் மூவரும், சுரங்கம் சரிந்து விழுந்த இடத்துக்கு அப்பால், பாதுகாப்பு அறையில் அடைபட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு. குரல் இணைப்பு அறுந்துவிட்டது. அவர்கள் டேப்களில் பள்ளியின் மின்நூலகம் மட்டும் திறக்கிறது. அதன் பொறுப்பாளர் நான்.

தளத் தலைவரின் செய்தி: "பயமுறுத்தாதீங்க. படிக்க வைங்க."

அசையாமல் படுத்துப் படியுங்கள் என்று மட்டும் எழுதி, ஒரு துப்பறியும் கதையை அத்தியாயம் அத்தியாயமாக அனுப்புகிறேன். இந்த ஆண்டு முழுக்க மூவரும் ஒரு புத்தகத்தைக்கூடத் திறந்ததில்லை.

மகிழ்நன்: "மிஸ், இங்கயுமா லைப்ரரி பீரியட்?"

15:40
பக்க ஓரத்தில் குறிப்பு எழுதிப் பேசிக்கொள்கிறார்கள்; அது என் திரையிலும் வருகிறது.

மகிழ்நன்: "சமையல்காரன்தான் கொலைகாரன். பெட்டு."

ஜெனிட்டா: "வாய மூடுடா. நான் இன்னும் அந்தப் பக்கமே வரல."

டார்வின்: "மிஸ், அடுத்தது சீக்கிரம் அனுப்புங்க."

இப்படி ஒரு வரிக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். இன்று அதைப் படித்துச் சந்தோஷப்பட வெட்கமாக இருக்கிறது.

17:05
டார்வின் வெகுநேரமாகப் பக்கம் திருப்பவில்லை. கேட்டேன்.

மகிழ்நன்: "குறட்டை விடுறான் மிஸ். கதை அவ்ளோ போர் போல."

டேப்களின் சார்ஜை என் திரையில் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. அந்த அறையில் இருப்பது ஒரே பிளக். அதில் மாட்டியிருக்க வேண்டியது காற்றைச் சுழற்றும் ஃபேன்.

ஜெனிட்டா: "ஃபேனைப் புடுங்கிட்டு டேபை மாத்தி மாத்திப் போட்டோம் மிஸ். கதை பாதில நின்னுடக் கூடாதுல்ல."

17:07
ஃபேன் நின்றால், விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தங்கும். படுத்துப் படிப்பவன் தூக்கம் வருகிறது என்றுதான் நினைப்பான். அசையாதீர்கள் என்று சொன்னது நான். ஏன் என்று சொல்லாததும் நான்.

பிளக்கில் மறுபடி ஃபேனை மாட்டினால், அந்தக் குளிரில் பேட்டரி நிற்காது; டேப்கள் சில நிமிடங்களில் அணைந்துவிடும். பிறகு அவர்களோடு பேச வழியே இல்லை.

தலைவரைக் கேட்கவில்லை. காற்று, வண்டி, ஃபேன், எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

மகிழ்நன்: "இத முன்னாடியே சொல்லக் கூடாதா மிஸ்?"

ஜெனிட்டா: "ஃபேன் போட்டாச்சு. இவன் எந்திரிக்க மாட்டேங்கிறான். உலுக்கிப் பாத்துட்டோம், மிஸ், அவன்"

17:19
மூன்று டேப்களும் அணைந்தன.

20:30
எதுவும் இல்லை. அடுத்த அத்தியாயம் அனுப்பத் தயாராகத் திரையில் நிற்கிறது. மூட முடியவில்லை.

நாள் 221
அன்றிரவு வண்டி போய்ச் சேர்ந்தது. ஜெனிட்டாவும் மகிழ்நனும் நடந்து வந்து ஏறினார்கள். டார்வினைத் தூக்கி ஏற்றினார்கள். நேற்று கண் விழித்தான்; பேச்சு இன்னும் வரவில்லை. நூலகத்தில் மூவருடைய கணக்கும் அன்றிலிருந்து திறக்கப்படவில்லை.